வாசல் பெரியம்மா

சரோஜினிதேவிக்கு முகங்கள் தங்குவதில்லை. பெயர் தங்கும். குரல் தங்கும். எந்த வீட்டுக் கலியாணத்தில் யார் என்ன நிறச் சேலை கட்டி வந்தார்கள் என்பதுகூட வருசக்கணக்கில் தங்கும். முகம் மட்டும், பார்வையை எடுத்த அடுத்த நொடியே போய்விடும். ஒருமுறை கொழும்பில், வெள்ளவத்தைச் சேலைக்கடை ஒன்றில் எதிரே வந்த பெண்மணிக்கு அவர் ஒதுங்கி வழிவிட்டார். அந்தப் பெண்மணியும் ஒதுங்கி வழிவிட்டார். இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை செய்துகொண்டு நின்றதை, அது கண்ணாடி என்று கடைக்காரப் பிள்ளை வந்து சொல்லித்தான் நிறுத்த வேண்டி வந்தது.

இந்தக் குறையோடு ஒருவர் உலகத்தில் வேறு எங்கே வேண்டுமானாலும் காலந்தள்ளிவிடலாம். வெள்ளவத்தையில் முடியாது. எங்கள் சனத்திடம் ஒரு பொல்லாத பழக்கம் இருக்கிறது. முப்பது வருசத்துக்கு முன்பு கண்ட ஒருவர் இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்திறங்கி, காலி வீதியில் மீன்கடைக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் நடுவே உங்கள் முழங்கையைப் பிடித்து நிறுத்துவார். தன் பெயரைச் சொல்லமாட்டார். "என்னைத் தெரியுதோ?" என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை மண்டப மேற்பார்வையாளர் மாதிரி நிற்பார். தெரியாது என்றால் முடிந்தது கதை. "ஓமோம், இப்ப எங்களையெல்லாம் ஏன் தெரியப்போகுது?" என்று ஒரு பெருமூச்சு விடுவார். பொழுதுபடுவதற்குள் அந்தப் பெருமூச்சு மூன்று கண்டத்துச் சொந்தக்காரரின் தொலைபேசிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

சரோஜினிதேவி இதற்கென்று ஒரு பதில் பழகி வைத்திருந்தார்.

"தெரியாமலோ! அப்பிடியே இருக்கிறியள். அம்மா எப்பிடி, சுகமோ?"

"அம்மா செத்து எட்டு வருசம்."

"அதுதான் கேக்கிறன். அம்மாவும் போன பிறகு நீங்கள் எப்பிடிச் சமாளிக்கிறியள் எண்டு."

இப்படியே ஒரு மனுசி அறுபது வயதைத் தாண்டியிருக்கிறார் என்றால், அதற்கு எவ்வளவு கெட்டித்தனம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். முகம் தெரிந்த நீங்களும் நானும் இதில் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டோம்.

ஆட்களை அவர் பிடிப்பது மற்ற எல்லாவற்றாலும். நடை, செருப்புச் சத்தம், காப்பு, வழுக்கை, தோளில் தொங்கும் பை. கணவர் தில்லைநாதனை அவருடைய இருமலால் அறிவார். தில்லைநாதனுக்கு இருமல் சுகமாகியிருந்த ஒரு கிழமையில், மார்க்கெற்றில் அதே மாதிரிக் கட்டம்போட்ட சேர்ட்டோடு நின்ற வேறொரு மனிதரைப் பிடித்து, புழுக்குத்தின கத்தரிக்காய் வாங்கியதற்கும் காஸ் சிலிண்டருக்குச் சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்து ஏசித் தீர்த்துவிட்டார். அந்த மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போய்க் கத்தரிக்காயை மாற்றிக்கொண்டு வந்து காட்டினார். பிறகு, பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற உண்மையான தில்லைநாதனிடம், "வீட்டிலையும் இதுதான் நடக்கிறது, அதாலை வித்தியாசம் தெரியேல்லை" என்று இரகசியமாகச் சொன்னாராம்.

சரோஜினிதேவி வேலை பார்த்தது கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில். பிள்ளைகளை அவர்கள் உட்கார்ந்திருக்கும் வாங்கை வைத்துத்தான் அறிவார். இதைக் கண்டுபிடித்துவிட்ட வகுப்பு ஒன்று, ஒரு தவணை முழுக்க இடம் மாறி மாறி இருந்தது. கணக்கில் முட்டை எடுக்கும் பிள்ளை ஒன்றின் தாயிடம், உங்கள் மகள் வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று சரோஜினிதேவி மனமாரச் சொன்னார். தாய் அழுதுவிட்டார். அந்தப் பிள்ளை வெட்கத்தில் நிசமாகவே படிக்கத் தொடங்கி, பிற்காலத்தில் எண்ணோடு புழங்கும் பெரிய உத்தியோகம் ஒன்றுக்கும் போனாள். சரோஜினிதேவிக்கு அது தன்னால் நடந்தது என்று தெரியாது. அவளை வழியில் கண்டாலும் தெரியாது.

பக்கத்து நாற்காலிக் கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் ஒருவர்தான் விசயத்தைப் பிடித்தவர். கொன்ஸ்ரன்ஸ் தலைமுழுகிக் கொண்டை போடாமல் வந்த நாட்களில் எல்லாம் சரோஜினிதேவி எழுந்து கைகூப்பி, "புதுசா வந்த ரீச்சரோ?" என்று கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டபோது கொன்ஸ்ரன்ஸ் கதவைச் சாத்திவிட்டு விசாரித்தார். சரோஜினிதேவி வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொல்லி அழுதார்.

"அழாதீங்க டீச்சர். செவ்வாய்க்கிழமை எங்கூட கொச்சிக்கடை சர்ச்சுக்கு வாங்க. அந்தோனியார் தொலைஞ்சது எல்லாத்தையும் எடுத்துத் தருவாரு."

"எனக்கு ஒண்டும் தொலையேல்லையே, கொன்ஸ்ரன்ஸ். தொடக்கத்திலையே தரேல்லை."

"அதையும் கேட்டுப் பாப்போம். ஆனா பொறுமையா கேக்கணும். அவருக்கு வேலை ரொம்பக் கூட."

அன்றிலிருந்து திருநீறும் பொட்டுமாகச் சரோஜினிதேவி செவ்வாய்க்கிழமைதோறும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரியோடு வரிசையில் நின்றார். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு, செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு. இரண்டு பேருக்கும் இதில் மனவருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. முன்னுக்குப் பின்னுக்கு நின்றவர்கள் பூட்டின் திறப்பு, மோதிரம், கோபித்துக்கொண்டு போன புருசன் என்று கேட்டதைப் பெற்றுக்கொண்டு போனார்கள். சரோஜினிதேவிக்கு ஒரு முகமும் வரவில்லை. வேலை கூட என்று அவரும் பொறுத்துக்கொண்டார்.

இதுவரை சொன்னது சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதையும் ஒன்று இருக்கிறது.

சுபோதினி அவருடைய ஒரே தங்கை. உலகத்தில் சரோஜினிதேவி ஒருபோதும் தடுமாறாத ஆள் அவள்தான். அதுவும் முகத்தால் அல்ல. கை நிறையக் கண்ணாடிக் காப்பு, பெரிய குங்குமப் பொட்டு, பின்னலில் எப்போதும் பூ, தூரத்திலேயே கண்ணைக் குத்தும் மயில்நீலத்திலும் மாம்பழ மஞ்சளிலும் சேலை. நூறு பேருக்குள் நின்றாலும் சுபோ சுபோதான். அவளுடைய கணவர் சிவபாலன் ஒரு பகல் வேலை செய்த கந்தோரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். செத்தவீட்டில் சரோஜினிதேவிக்குக் குழப்பம் வரவில்லை. மூலையில் பாயில் கிடந்தவள் தங்கை என்று இடத்தை வைத்துத் தெரிந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு ஒரு காலையில், மகனின் விசா நேர்முகத்துக்காக அவசரமாகப் போய்க்கொண்டிருந்த சரோஜினிதேவிக்கு எதிரே, மார்க்கெற்றடியில், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் வந்தாள். காப்பு இல்லை. பொட்டு இல்லை. பூ இல்லை. ஊர்வழக்கம் சுபோதினியிடமிருந்து எதையெல்லாம் கழற்றி எடுத்ததோ, அதெல்லாம்தான் சரோஜினிதேவி அவளை அறிய வைத்திருந்த அடையாளம். அவர் அந்தப் பெண்ணை நேருக்கு நேர், முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பஸ் எதிர்ப்பக்கம் வந்ததால் தெருவைக் கடந்து போய்விட்டார்.

நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது கைம்பெண் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போவது எங்கள் சனத்தின் இன்னொரு பொல்லாத பழக்கம். சுபோதினிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கூடப் பிறந்த அக்காவே தன்னை அபசகுனம் என்று விலகிப் போனாள் என்பது அவளுடைய முடிவு. இனி அவளின் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, கைக்குழந்தையாக இருந்த மகள் உஷாந்தியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வருசம் கனடாவுக்குப் போய்விட்டாள்.

சரோஜினிதேவி என்ன சொல்லியிருக்க முடியும்? உன்னைத் தெரியவில்லை என்றா? கூடப் பிறந்தவளிடம் அதைச் சொல்வதைவிட அபசகுனம் என்று சொல்வதே மேல். வாயைத் திறக்காமல் விழுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தோனியாரிடம் கேட்டதையும் குறைத்துக்கொண்டார். எல்லா முகமும் வேண்டாம், சுபோவின் முகம் ஒன்று போதும்.

வாசலில் நிற்கும் வேலை அவர் ஓய்வு பெற்ற பிறகு தானாக வந்தது. வெள்ளவத்தைக் கலியாணங்களில் இப்போது மண்டபம் இருக்கிறது, மேளம் இருக்கிறது, வானத்தில் பறந்து படம் எடுக்கும் கமராவும் இருக்கிறது. சொந்தக்காரர்தான் இல்லை. பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேர் பேச்சுவார்த்தையில் இல்லை. மேல்மாடி வீட்டுக் கலியாணத்தன்று வாசலில் பன்னீர் தெளிக்க ஆளில்லாமல், "ரீச்சர், ஒருக்கால் தட்டத்தோடை நில்லுங்கோ" என்று கெஞ்சிக் கேட்டார்கள். சரோஜினிதேவி முதலில் மறுத்துப் பார்த்தார். ஆனால் போய் நின்றதும் ஓர் அதிசயத்தைக் கண்டார். வாசலில் யாரும் "என்னைத் தெரியுதோ?" என்று கேட்பதில்லை. எல்லோருக்கும் உள்ளே போய் நல்ல இடமாகப் பார்த்து இருக்கிற அவசரம். "வாங்கோ, வாங்கோ!" என்று வாய் நிறையச் சொன்னால் போதும்.

வாசலில் நிற்கிறவர்களுக்கென்று ஒரு கண்கணக்கு உண்டு. இன்னாருக்கு இவ்வளவு சிரிப்பு, காணித் தகராறுக்காரருக்குப் பல் தெரியாமல் அரைச் சிரிப்பு. கைம்பெண் வந்தால் சந்தனமும் குங்குமமும் பூவும் வைத்த தட்டம் தற்செயலாக நழுவுவதுபோல அடுத்த ஆளிடம் போய்விடும். யாரும் வாயால் ஒன்றும் சொல்வதில்லை. தட்டம் மட்டும் போய்விடும். அந்தப் பெண்ணும் கவனிக்காததுபோல உள்ளே நடப்பாள்.

சரோஜினிதேவிக்கு இந்தக் கணக்கு வரவில்லை. யார் எவர் என்று தெரிந்தால்தானே வரும்? நெற்றியைப் பார்க்கலாமே என்பீர்கள். இந்தக் காலத்தில் பொட்டில்லாத நெற்றி என்றால் கைம்பெண்ணாகவும் இருக்கலாம், கனடாவில் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம். ஆகவே அவர் வந்த எல்லோருக்கும் ஒரே சிரிப்போடு தட்டத்தை நீட்டினார். வெளிர்ச் சேலை கட்டிய ஒரு வயதான பெண் தட்டத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் தட்டத்தை வாங்கக் கை நீட்டினார்கள். சரோஜினிதேவி மட்டும், "எடுங்கோ, எடுங்கோ, பூவும் எடுங்கோ" என்று அவசரப்படுத்தினார். அந்தப் பெண் ஒரு விரலால் சந்தனத்தைத் தொட்டார். பூவை எடுத்துத் தலையில் வைக்கத் துணியாமல் கைக்குள் பொத்திக்கொண்டு போனார். சாப்பாடு முடிந்ததும் திரும்பி வந்து, "அடுத்தது எந்தக் கலியாணத்திலை நிப்பியள்?" என்று கேட்டார்.

அதோடு பேர் பரவியது. கலியாணவீடு என்றாலே தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம், வாசலில் யார் என்று விசாரித்துவிட்டுச் சேலை கட்டிக்கொண்டு புறப்படத் தொடங்கினார்கள். இருபது வருசமாகப் பேசாத இரண்டு மச்சான்மாரை அவர் ஒரே மேசைக்கு அனுப்பிவைத்ததில் அவர்கள் பாயசத்தோடு சமாதானமானார்கள். சகுனம் பார்க்கிற பெரியவர் ஒருவர் வந்து, "ரீச்சர், ஆள் பாத்துத் தட்டம் நீட்டவேணும்" என்று சிடுசிடுத்தபோது, சரோஜினிதேவி பயத்தில் உள்ளதை அப்படியே உளறினார்.

"எனக்கு எல்லாரும் ஒண்டாத்தான் தெரியினம்."

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அடுத்த மாதம் சமயச் சொற்பொழிவுக் குழு ஒன்று அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளைத் தாய்மார் அவருடைய காலில் விழ வைத்தார்கள். முகத்தை நினைவில் வைக்க ஏலாத ஒரு மனுசியை, வெள்ளவத்தை கூடி ஞானியாக்கிவிட்டது. 'வாசல் பெரியம்மா' என்ற பெயரும் அப்போது விழுந்ததுதான். சரோஜினிதேவிக்கு இந்தப் புகழ் முள்ளாகக் குத்தியது. ஊரில் உள்ள கைம்பெண்கள் எல்லாம் வாழ்த்திவிட்டுப் போனார்கள். சொந்தத் தங்கையைத் தெருவில் விட்டுவிட்டு வந்தவள் தான் என்று அவர் யாரிடம் சொல்வார்?

கலியாண ஏற்பாடு செய்யும் றஷ்மி ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஆன்ரி, ஒரு கனடாக் கலியாணம். பொம்பிளைப் பக்கத்திலை ஆளே இல்லை. வாசலிலை நிக்க, ஆராத்தி எடுக்க, பெரியம்மா எண்டு ஒரு ஆள் வேணுமாம்."

"ஆரின்ர கலியாணம்?"

"பொம்பிளை உஷாந்தி. தாய் சுபோதினி ஆன்ரி. தகப்பன் சிவபாலன், அவர் உயிரோடை இல்லை."

சரோஜினிதேவி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"ஆன்ரி, கேக்குதோ? ஆரும் விசாரிச்சால், பொம்பிளையின்ர தாயின்ர சொந்த அக்கா எண்டு சொல்லுங்கோ. கொஞ்சம் உருக்கமாச் சொல்லோணும், சந்தேகம் வரக்கூடாது. நடிக்க ஏலும்தானே?"

"பாப்பம், பிள்ளை" என்றார் சரோஜினிதேவி.

வந்த செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடையில் அவர் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு நகராமல் நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"அவள் கலியாணம் முடியப் பிளேன் ஏறிப் போயிடுவாள், கொன்ஸ்ரன்ஸ். இதை விட்டால் செத்தாலும் காணமாட்டன். ஆனால் வாசலிலை வந்து நிண்டாலும் எனக்குத் தெரியாதே. அண்டைக்குச் செய்ததையே இன்னொருக்கால் செய்துபோட்டால்?"

"போங்க டீச்சர். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

"அதைத்தானே என்னாலை சொல்ல ஏலாது."

கலியாணத்தன்று விடியவே மண்டபத்துக்குப் போனார். பொம்பிளையின் தாய் உள்ளே அலங்கார அறையில் இருப்பதாக றஷ்மி சொன்னாள். தான் விதவை என்பதால் முன்னுக்கு வரமாட்டேன் என்று சுபோதினி சொல்லிவிட்டாளாம். அறைக்குப் போய்க் கதவைத் தட்டச் சரோஜினிதேவிக்குத் துணிவு வரவில்லை. அவள் எப்படியும் ஒருமுறை வெளியே வருவாள், வெளிர்ச் சேலையோடு வருவாள், வந்ததும் தயங்காமல் சொல்லிவிடவேண்டும் என்று தீர்மானித்து, தட்டத்தோடு வாசலில் நின்றார். எதிர்ப்பட்ட வெளிர் நிறம் எதையும் விடுவதில்லை என்பதுதான் திட்டம்.

முதலில் வந்த வெளிர் நிறத்தைக் கட்டிப்பிடித்து, "இவ்வளவு மெலிஞ்சுபோனியே! கனடாவிலை சாப்பாடு சரியில்லையோ?" என்று கண்ணீர் விட்டார். அந்தப் பெண் கையிலிருந்த விளக்குமாறைக் கீழே விடாமலே, "மொகத நோனா?" என்று, 'என்னம்மா' என்பதைச் சிங்களத்தில் கேட்டுத் திகைத்தாள். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் சிங்களப் பெண் அவள். ஆனாலும் நீட்டிய சந்தனத்தை மகிழ்ச்சியோடு பூசிக்கொண்டாள்.

இரண்டாவதாக வந்தவர் வெளிர்ச் சாம்பல் சேலை கட்டியிருந்தார். தனியாக வந்தார். உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். நடையில்கூடச் சுபோவின் சாயல் இருந்ததாகச் சரோஜினிதேவிக்குப் பட்டது. அவருடைய கையைப் பிடித்துத் தூண் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஒரு நிமிசம் நான் சொல்லுறதைக் கேள். அண்டைக்கு மார்க்கெற்றடியிலை நான் உன்னைக் கண்டுட்டு ஒதுங்கேல்லை. எனக்கு முகம் தெரியாது. சின்னனிலையிருந்து ஒருத்தரின்ர முகமும் தெரியாது. உன்ர காப்பை வைச்சு, பொட்டை வைச்சு, பூவை வைச்சுத்தான் உன்னை எனக்குத் தெரியும். அதெல்லாத்தையும் கழட்டி எடுத்துப்போட்டினம். பிறகு நான் உன்னை எப்பிடிக் கண்டுபிடிப்பன்? நீ அபசகுனம் எண்டு நான் ஒரு நாளும் நினைக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்."

அந்தப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். விடிய ஐந்து மணிக்கு வெறும் வயிற்றோடு புறப்பட்டு வந்தவர். உள்ளேயிருந்து சாம்பார் வாசம் வந்துகொண்டிருந்தது. கையை விடுவித்துக்கொள்ள அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

"சரி, சரி. மன்னிச்சாச்சு" என்று முணுமுணுத்தார்.

சரோஜினிதேவிக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போய்விட்டது. இவ்வளவு சுலபமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அதே பெண் சாப்பாட்டு மண்டப வாசலில் நின்று, "தோசை முடிஞ்சுதோ? இடியப்பமாவது இருக்கோ?" என்று கேட்பது காதில் விழுந்தது. சுபோதினிக்குத் தோசை பிடிக்காது. அதோடு எந்தத் தாயும் மகளின் கலியாணத்தில் இப்படிக் கேட்பதில்லை. இருபத்தைந்து வருசமாக வாய்க்குள் வைத்திருந்த உண்மையை, இடியப்பத்துக்கு அவசரப்பட்ட யாரோ ஒருவரிடம் கொட்டிவிட்டார். திரும்பவும் சொல்ல உடம்பில் தெம்பு இல்லை.

ஆனால் பசி ஆறிய மனிதருக்குக் கதைக்க ஏதாவது வேண்டுமே. அந்தப் பெண் மூன்றாவது இடியப்பத்தோடு பக்கத்து ஆளிடம் தொடங்கினார். வாசலில் நிற்கிற பெரியம்மாவுக்கு ஏதோ பிசகாம். தன்னைப் பிடித்து மார்க்கெற்றடியில் ஒதுங்கிப் போனதற்கு மன்னிப்புக் கேட்டாராம். காப்பும் பொட்டும் இல்லாததால் தெரியவில்லை என்றாராம். பாவமாம். தோசை கேட்ட மனிசி சொன்ன கதை என்று இது மேசைக்கு மேசை நடந்து, தேத்தண்ணி கொண்டுபோன பிள்ளையோடு அலங்கார அறைக்கும் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு இன்னொரு வெளிர்ச் சேலை வந்தது. உள்ளேயிருந்து வந்தது. சரோஜினிதேவி பழக்கத்தில் தட்டத்தை நீட்டினார். வந்தவர் எதையும் எடுக்கவில்லை.

"என்னைத் தெரியுதோ?"

மேளச் சத்தத்தில் குரல்கூட அடையாளம் தெரியவில்லை. 'தெரியாமலோ' என்ற சொல் சரோஜினிதேவியின் நாக்கு நுனிக்குத் தானாக ஓடி வந்தது. அது நாற்பது வருசப் பழக்கம். அப்பிடியே இருக்கிறியள், அம்மா எப்பிடி, எல்லாம் அதன் பின்னால் வரிசையாக நின்றன. அந்தோனியார் ஒரு முகத்தையும் காட்டித் தரவில்லை. முன்னால் நின்றது இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். யாருடையதும் ஆகலாம்.

"தெரியேல்லை" என்றார் சரோஜினிதேவி.

சரோஜினிதேவி தட்டத்தை இன்னும் கிட்ட நீட்டினார்.

"தெரியேல்லை, பிள்ளை. நீங்கள் ஆர் எண்டாலும் குறை நினைக்காதேங்கோ. என்ர தங்கச்சியையே எனக்குத் தெரியேல்லை. காலமையிலையிருந்து அவளைத்தான் தேடிக்கொண்டு நிக்கிறன். ஆரார் கையையோ பிடிச்சு அழுதுபோட்டன். சந்தனம் எடுங்கோ. பூவும் எடுங்கோ."

அந்தப் பெண் தட்டத்தைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் எத்தனையோ தட்டங்கள் நழுவிப் போயிருந்தன. இது போகவில்லை. அங்கேயே நின்றது. அவள் விரலால் சந்தனத்தைத் தொட்டாள்.

"தோசை கேட்ட மனிசியை நான் எண்டு நினைச்சியே?" என்றாள். "எனக்குத் தோசை பிடிக்காது எண்டு தெரியாதே உனக்கு?"

சரோஜினிதேவி தட்டத்தோடு அவளை நோக்கி எட்டினார். கற்கண்டு நிலத்தில் சிதறியது. அதைப் பொறுக்கவோ தங்கையைக் கட்டிப்பிடிக்கவோ நேரம் இருக்கவில்லை. றஷ்மி தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"ஆன்ரி, மாப்பிள்ளையின்ர கார் வந்திட்டுது! ஆராத்திக்கு வரவேண்டிய மற்ற ஆன்ரி கல்கிசையிலை ட்ரபிக்கிலை நிக்கிறா! இன்னொரு ஆள் வேணும், கெதியா!"

"ஆள் இருக்கு" என்றார் சரோஜினிதேவி. "சுபோ, இந்தப் பக்கத்தைப் பிடி."

சுபோதினி பின்வாங்கினாள். கூட்டத்துக்குள் இருந்து ஓர் ஆண் குரல், "தாய் பிடிக்கக்கூடாதே, அது சரியில்லை" என்றது.

"ஆர் அது கதைச்சது?"

சரோஜினிதேவி கேட்டது நிசமாகவே தெரியாமல்தான். யாரென்று கண்டுபிடிக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பார்வை தங்கள் மேல் ஊர்ந்தபோது, வாசல் பெரியம்மா தன்னைத்தான் பார்க்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துத் தலை குனிந்தார்கள். சுபோதினி வந்து ஆராத்தித் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள். வாழைப்பழத் துண்டுகளில் குத்தியிருந்த திரிகளை றஷ்மி கொளுத்தினாள்.

காரிலிருந்து பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக இரண்டு பேர் இறங்கி வந்து நின்றார்கள். சரோஜினிதேவி நிமிர்ந்து, வாய் நிறைய வாங்கோ சொல்லி, இருவரில் உயரமாகச் சிரித்துக்கொண்டு நின்றவருக்கு முன்னால் தட்டை நம்பிக்கையோடு உயர்த்தினார். சுபோதினி தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

"அக்கா," என்றாள் காதோடு, "அது தோழன். மாப்பிள்ளை இஞ்சாலை."

அந்த 'அக்கா'வைக் கேட்டு இருபத்தைந்து வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. சரோஜினிதேவிக்குக் கண் நிறைந்து வழிந்தது. இப்போது தோழனும் தெரியவில்லை, மாப்பிள்ளையும் தெரியவில்லை, விளக்குகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

"நீ காட்டு," என்றார். "நான் சுத்துறன்."